அதிரட்டும் ஹால்... எரிய வேண்டாம் ஆம்ப்!

ஹாஸ்டல் டே. மணி ஏழரை. ஹால் ஃபுல். ஜன்னல்ல எல்லாம் தலைகள். மேடைக்குப் பின்னாடி டான்ஸ் டீம் ரெடி. பாட்டு ஸ்டார்ட். முதல் அடி 'தொம்'னு விழுந்ததும் கடைசி வரிசை வரைக்கும் நெஞ்சுக்கூடு அதிருது. விசில் பறக்குது. முதல் சரணம் முடியறதுக்குள்ள, லேசா ஒரு கருகின வாசனை. அடுத்த செகண்ட் ஹால் முழுக்க மயான அமைதி. மேடையில் பாவம், பசங்க மட்டும் பாட்டே இல்லாம நாலு ஸ்டெப் ஆடிட்டு நின்னாங்க.

அந்த ஆம்பை எரிச்ச மகானுபாவர்கள்ல அடியேனும் ஒருத்தன்!

சீனியர்ங்க ப்ராஜெக்டுக்காக செஞ்சு விட்டுட்டுப் போன பேஸ் பாக்ஸ் நாலு எங்ககிட்ட இருந்தது. ஆம்ப் மட்டும் வாடகைக்கு எடுத்தோம். 'ஒரு ஆளை அனுப்பட்டுமா தம்பி?'ன்னு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கேட்டார். 'வேணாம்ணே, நாங்க எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட்!'னு பந்தாவா சொல்லிட்டு வந்தோம். மறுநாள் அவர் வந்து வயரைப் பார்த்தார். 'நாலு பாக்ஸோட சிவப்பையும் ஒண்ணா முறுக்கி, நாலு கறுப்பையும் ஒண்ணா முறுக்கிட்டீங்களாடா?'ன்னு கேட்டார். அவ்வளவுதான் மேட்டர். இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சேர்த்து வெச்ச காசு, ஆம்ப் ரிப்பேருக்குப் போச்சு.

அந்த அண்ணன் அன்னிக்கு டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்து பத்தே நிமிஷத்துல சொல்லிக் கொடுத்ததை நாங்க நாலு வருஷ சிலபஸ்லயே படிச்சிருந்தோம். ஆனா பரீட்சை பேப்பர்ல போட்ட கணக்கை, பாக்ஸுக்குப் பின்னாடி போட மறந்துட்டோம். உங்க கல்ச்சுரல்ஸுக்கும் அந்தக் கதி வேணாம். வாங்க, ஒரு டீ சொல்லிட்டு ஆரம்பிப்போம்.

மெஸ் சாம்பாரும் ஓம் கணக்கும்!

பாக்ஸுக்குப் பின்னாடி '4 ஓம்', '8 ஓம்'னு ஒரு எண் இருக்கும். இது சாமி கும்பிடுற ஓம் இல்லீங்க. ஜெர்மன்காரர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் புத்தகமா எழுதி வெச்ச விதியிலிருந்து வந்த ஓம். கரண்ட் போற வழி எவ்வளவு குறுகல்ங்கிறதோட அளவுன்னு வெச்சுக்கலாம். எண் பெருசா இருந்தா வழி குறுகல், கரண்ட் கம்மி. எண் சின்னதா இருந்தா வழி அகலம், கரண்ட் ஜாஸ்தி.

உங்க மெஸ்ஸை நினைச்சுக்குங்க. சாம்பார் ஊத்த ஒரே ஒரு அண்ணன். அவர்தான் ஆம்ப். ஒரு வரிசை நின்னா சிரிச்ச முகமா ஊத்துவார். நாலு வரிசை ஒரே நேரத்துல நாலு பக்கமும் தட்டை நீட்டினா? கை நாலு மடங்கு வேகமா ஓடணும். கொஞ்ச நேரத்துல கரண்டியைப் போட்டுட்டு உட்கார்ந்துடுவார். பேரலல் கனெக்‌ஷன்ங்கிறது இந்த நாலு வரிசை.

சீரீஸ்னா நேர் எதிர். ஒரே வரிசைதான், ஆனா நாலு குறுகலான கதவுகளை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா தாண்டித்தான் வரணும். அண்ணனுக்கு ஓய்வோ ஓய்வு. ஆனா தட்டுல சாம்பார் சொட்டுச் சொட்டாத்தான் விழும்.

ஆம்புக்குப் பின்னாடி 'மினிமம் 4 ஓம்'னு போட்டிருந்தா, 'இதுக்குக் கீழே போனா நான் பொறுப்பில்லை'ன்னு அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்குன்னு அர்த்தம். நாங்க அதைத்தான் படிக்கலை.

நாலு பாக்ஸ்... மூணு வழி!

கணக்கு சுலபமா இருக்க, 4 ஓமில் 100 வாட் தர்ற ஆம்ப் ஒண்ணை எடுத்துக்குவோம். அதாவது 20 வோல்ட், 5 ஆம்பியர். கையில் 4 ஓம் பாக்ஸ் நாலு.

வழி 1: எல்லாம் பேரலல். ஒரே மாதிரி பாக்ஸ்னா, ஒரு பாக்ஸோட ஓமை எண்ணிக்கையால் வகுத்தா போதும். 4-ஐ 4-ஆல் வகுத்தா 1 ஓம். அதே 20 வோல்ட்டுக்கு 5 ஆம்பியருக்குப் பதிலா 20 ஆம்பியர் இழுக்கும். 400 வாட்! ஆம்ப்கிட்ட அது கிடையாது. பாதுகாப்பு சர்க்யூட் இருந்தா ஆஃப் ஆயிடும். இல்லைன்னா அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகும். எங்க ஹாஸ்டல் டே!

வழி 2: எல்லாம் சீரீஸ். முதல் பாக்ஸோட கறுப்பை அடுத்ததோட சிவப்புக்கு, அதோட கறுப்பை அதற்கடுத்த சிவப்புக்குன்னு சங்கிலி மாதிரி. ஓம்களைக் கூட்டிக்கிட்டே போகணும். 16 ஓம். ஆம்ப் பத்திரம். ஆனா மொத்தமே 25 வாட்தான் வரும். ஒரு பாக்ஸுக்கு 6 வாட் சொச்சம். இன்னொரு தலைவலி, ஒண்ணோட காயில் அறுந்தா நாலும் ஊமை.

வழி 3: சீரீஸ்-பேரலல். இதுதான் ஹீரோ! ரெண்டு ரெண்டா ஜோடி சேருங்க. ஒவ்வொரு ஜோடியும் சீரீஸ். ஜோடிக்கு 8 ஓம். இப்போ ரெண்டு ஜோடியையும் பேரலலா ஆம்புக்குக் கொடுங்க. 8-ஐ 2-ஆல் வகுத்தா 4 ஓம். ஆம்ப் கேட்ட அதே 4! அதே 100 வாட், பாக்ஸுக்கு 25 வாட்னு சமமா பிரியும்.

ரெண்டு பாக்ஸ் மட்டும்தான் இருக்கா? ரெண்டும் 8 ஓம்னா பேரலல், 4 ஓம் வரும். ரெண்டும் 4 ஓம்னா சீரீஸ், 8 ஓம் வரும். ஆம்ப் 2 ஓம் தாங்கும்னு அதுலயே எழுதியிருந்தா மட்டும் ரெண்டு 4 ஓமைப் பேரலல் போடலாம்.

4 ஓம் ஒண்ணு, 8 ஓம் ஒண்ணுன்னு கலந்து போடலாமான்னு கேப்பீங்க. வேணாம் பாஸ். பேரலலில் 4 ஓம் பாக்ஸ் ரெண்டு மடங்கு பவர் எடுத்துக்கும். சீரீஸில் 8 ஓம் பாக்ஸ் ரெண்டு மடங்கு எடுத்துக்கும். எப்படிப் போட்டாலும் ஒருத்தன் சாப்பிடுவான், ஒருத்தன் வேடிக்கை பார்ப்பான்.

அதே 100 வாட்... சத்தம் மட்டும் எப்படி ஜாஸ்தி?

'ஒரே பாக்ஸுக்கும் 100 வாட், நாலு பாக்ஸுக்கும் சேர்த்து அதே 100 வாட்னா, எதுக்கு நாலு பாக்ஸைத் தூக்கிக்கிட்டு அலையணும்?' நியாயமான கேள்வி. நாங்களும் கேட்டோம்.

பேஸ் சத்தத்தோட அலை ரொம்ப நீளம். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். பாக்ஸுங்களை ஒட்டி ஒட்டி வெச்சா, நாலும் சேர்ந்து ஒரே பெரிய பாக்ஸ் மாதிரி காற்றைத் தள்ளும். ஒவ்வொண்ணுக்கும் கால்வாசி பவர்தான் போகுது. அதனால ஒவ்வொண்ணும் தர்ற அழுத்தம் பாதி. ஆனா நாலு பாதி சேர்ந்தா ரெண்டு முழுசு! அழுத்தம் ரெண்டு மடங்கு, அதாவது 6 டெசிபல் கூடுதல். ஒரே பாக்ஸை வெச்சு இந்த 6 டெசிபலை வாங்கணும்னா 400 வாட் ஆம்ப் வேணும்.

ஆக, ஆம்பைக் கஷ்டப்படுத்தாமலே ஹாலை அதிர வைக்க முடியும். நாங்க ஆம்பை அடிச்சு வேலை வாங்கப் பார்த்தோம். ஒழுங்கா ஜோடி சேர்த்திருந்தா அதுவா வேலை செஞ்சிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நாலில் ஒரே ஒரு பாக்ஸோட சிவப்பு கறுப்பு மாறிப்போச்சுன்னு வைங்க. மூணு வெளியே தள்ளும்போது அது மட்டும் உள்ளே இழுக்கும். மூணு பாதியில் ஒரு பாதி கழிஞ்சு மிச்சம் ரெண்டு பாதி, அதாவது ஒரே ஒரு முழுசு. நாலு பாக்ஸைத் தூக்கிட்டு வந்து ஒரு பாக்ஸ் சத்தம்! ரெண்டு பாக்ஸில் ஒண்ணு மாறினா இன்னும் மோசம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சு பேஸே காணாமப் போயிடும். 'பாக்ஸ் சரியில்ல மச்சி'ன்னு திட்டுறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க.

ரெட்டைக் காயில் ரகசியம்!

சில சப்வூஃபர்ல நாலு டெர்மினல் இருக்கும். கார் ஆடியோ கடைகள்ல இது ரொம்ப சகஜம். பயப்படாதீங்க. ஒரே கூம்புக்குப் பின்னாடி ரெண்டு காயில் சுத்தியிருப்பாங்க. 'டூயல் வாய்ஸ் காயில்'னு பேர். '4+4 ஓம்'னு போட்டிருந்தா, ரெண்டு காயிலையும் சீரீஸ் போட்டா 8 ஓம், பேரலல் போட்டா 2 ஓம்.

இந்த மாதிரி ரெண்டு இருந்தா மொத்தம் நாலு காயில். மேலே பார்த்த அதே நாலு பாக்ஸ் கணக்கு! ஒவ்வொரு சப்பையும் உள்ளுக்குள்ள சீரீஸா கட்டி (8 ஓம்), ரெண்டையும் பேரலல் போட்டா 4 ஓம். '2+2 ஓம்' ரகம்னா இதே வயரிங்ல 2 ஓம் வரும். உங்க ஆம்ப் எதைத் தாங்கும்னு பார்த்துட்டு சப் வாங்குங்க. பலபேர் சப் வாங்கிட்டு அப்புறம்தான் ஆம்பைப் பார்க்கறாங்க.

ரெண்டு காயில்ல ஒண்ணை மட்டும் கனெக்ட் பண்ணிட்டு இன்னொண்ணைச் சும்மா விடறதும் வேணாம். பாதி காயில்தான் சூட்டைத் தாங்கும், சத்தமும் குறையும்.

'பிரிட்ஜ்' பண்றவங்க உஷார்!

ஸ்டீரியோ ஆம்போட ரெண்டு சேனலையும் சேர்த்து ஒரே பெரிய சேனலா மாத்தறதுக்குப் பேர் பிரிட்ஜிங். பவர் எகிறும். ஆனா அப்போ ஒவ்வொரு சேனலுக்கும் பாக்ஸோட ஓம் பாதியாத்தான் தெரியும். பிரிட்ஜில் 4 ஓம் மாட்டினா, உள்ளே ஒவ்வொரு சேனலும் 2 ஓமைச் சுமக்குது. அதனால பிரிட்ஜுக்குத் தனியா ஒரு மினிமம் ஓம் போட்டிருப்பாங்க. அதைத்தான் பார்க்கணும். ஆம்புல பிரிட்ஜ் வசதி இல்லாம, நீங்களா ரெண்டு சேனல் அவுட்புட்டையும் ஒண்ணா முறுக்கினா, ரெண்டு சேனலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு சாகும்.

வயரிங்குக்கு முன்னாடி பத்து நிமிஷம்!

* ஆம்ப் ஆஃப். பிளக் வெளியே. அப்புறம்தான் வயர்ல கை வைக்கணும்.

* மல்டிமீட்டர்ல ஒவ்வொரு பாக்ஸையும் அளங்க. 4 ஓம் பாக்ஸ் 3-லிருந்து 3.6 வரைக்கும் காட்டும். 8 ஓம் பாக்ஸ் 5.5-லிருந்து 7 வரைக்கும் காட்டும். பாக்ஸ் போலின்னு நினைச்சுடாதீங்க. மீட்டர் அளக்கறது டி.சி. ரெசிஸ்டன்ஸ். பாக்ஸ்ல போட்டிருக்கறது பாட்டு ஓடும்போதுள்ள இம்பீடன்ஸ். அதுவும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மாறிக்கிட்டே இருக்கும். மீட்டரோட ரெண்டு முனையையும் ஒண்ணா தொட்டு, அது காட்டற எண்ணைக் கழிச்சுக்கணும்.

* எல்லாத்தையும் ஜோடி சேர்த்தப்புறம், ஆம்புக்குப் போற கடைசி ரெண்டு முனையையும் இன்னொரு தடவை அளங்க. 4 ஓம் வரணும்னா 3-க்கு மேல காட்டணும். 1-க்குக் கீழே காட்டினா நிறுத்துங்க. இந்த ஒரே ஒரு அளவு எங்க இண்டஸ்ட்ரியல் விசிட்டைக் காப்பாத்தியிருக்கும்!

* எது பிளஸ்னு சந்தேகமா? ஆம்போட சேராம தனியா இருக்கற பாக்ஸ்ல, ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்க. கூம்பு வெளியே தள்ளினா, பேட்டரியோட பிளஸ் தொட்ட முனைதான் பாக்ஸோட பிளஸ். தொட்டபடியே பிடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

* வயர்ல கஞ்சத்தனம் வேணாம். மேடையிலிருந்து 20 மீட்டர்னா, போக வர 40 மீட்டர் தாமிரம். 0.5 ஸ்கொயர் எம்.எம். ஒல்லி வயர்ல அது சுமார் ஒன்றரை ஓம். 4 ஓம் பாக்ஸுக்கு அதை மாட்டினா, பவர்ல கால்வாசிக்கு மேல வயரைச் சூடாக்கவே போயிடும். 2.5 ஸ்கொயர் எம்.எம். வாங்கினா இது 0.3 ஓம் அளவுதான். ஆம்பைப் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே வெச்சுட்டா இன்னும் லாபம்.

* முனையில் ஒரு இழை வெளியே நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஷார்ட்தான். நல்லா முறுக்கி, டேப் சுத்துங்க.

* ஃப்யூஸ் போனா அதே அளவு ஃப்யூஸ்தான். சிகரெட் பேப்பர் ஜரிகை, தாமிரக் கம்பின்னு எதையும் சுத்தாதீங்க. ஃப்யூஸ் போறது கோளாறு இல்லை, கோளாறை அது தடுத்திருக்கு. எர்த் பின்னை உடைச்சு ரெண்டு பின்ல சொருகற வேலையும் கூடாது. மேடையில் மைக் பிடிக்கப் போறவன் உங்க ஃப்ரெண்ட்.

கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் கும்பலுக்கு!

ரூம்ல 2.1, 5.1 செட் வெச்சிருக்கறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும். பெரும்பாலும் அந்த சப்வூஃபர் பாக்ஸுக்குள்ளேயே ஆம்ப் இருக்கும். கரண்ட் பிளக் நேரா சப்வூஃபருக்கே போகுதுன்னா அது அந்த ரகம். இதுக்கு மேலே சொன்ன ஓம் கணக்கு எதுவும் வேண்டாம். சிக்னலை மட்டும் கொடுத்தா போதும். ஒரு சப் அவுட்புட்டை ரெண்டு சப்புக்குப் பிரிக்க 'ஒய்' கேபிள் போதும். ஆனா ரெண்டு அவுட்புட்டை அதே கேபிளால ஒரு இன்புட்டுக்குச் சேர்க்காதீங்க. வேற ஆம்போட ஸ்பீக்கர் அவுட்புட்டை, அந்த ஆர்.சி.ஏ. ஓட்டையில விடவே கூடாது.

வால்யூம் மேல கை வைக்கறப்போ...

ஓம் சரி, வயர் சரி. இன்னும் ஒரு வில்லன் பாக்கி. பேர் கிளிப்பிங். ஆம்ப் தன் சக்திக்கு மேல போகும்போது, அலையோட தலையும் காலும் வெட்டுப்பட்டு சதுரமாயிடும். 100 வாட் ஆம்ப் அப்போ 200 வாட் வரைக்கும் தள்ளிடும். காயிலுக்கு அது அடுப்பு. சின்ன ஆம்பும் பெரிய பாக்ஸைக் கொளுத்தறது இப்படித்தான். 'தொம்'னு உருண்டையா விழுந்த சத்தம் 'டர்ர்'னு கிழியற மாதிரி மாறினா, வால்யூமைக் குறைங்க. சிவப்பு லைட் அடிக்கடி கண் சிமிட்டினாலும் அதே வைத்தியம். 'மச்சி, இன்னும் ஏத்து'ன்னு கீழேர்ந்து கத்தறவன் ரிப்பேர் செலவுல பங்கு தரமாட்டான்.

அப்புறம் உங்க காது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனத்தோட பரிந்துரைப்படி, 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் எல்லை. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா வெறும் 15 நிமிஷம்! நிகழ்ச்சி முடிஞ்சு ரூமுக்கு வந்தப்புறமும் காதுல 'ஙொய்ய்ய்'னு ஒரு சத்தம் கேட்டா, அளவு தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். ஆம்பை ரிப்பேர் பண்ணலாம். உள்காதுல செத்துப்போன உணர்செல் திரும்ப முளைக்காது. பாக்ஸ் முன்னாடி நின்னு ஆடற கும்பலைக் கொஞ்சம் தள்ளி ஆடச் சொல்லுங்க.

சட்டமும் இருக்கு. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி, ராத்திரி 10-லிருந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலாசார, சமயத் திருவிழாக்களுக்கு, வருஷத்துல மொத்தம் 15 நாளுக்கு மிகாம, மாநில அரசு நள்ளிரவு 12 வரைக்கும் விலக்கு தரலாம். ஆஸ்பத்திரி, கல்வி நிலையம், கோர்ட் சுத்தி 100 மீட்டரை அமைதி மண்டலமா அறிவிக்கவும் விதியில் இடம் இருக்கு. பேஸ் சத்தம் சுவரையும் தாண்டும். பக்கத்துத் தெருவுல ஒரு கைக்குழந்தையோ, இருதய நோயாளியோ இருக்கலாம். எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க.

எங்க கதையோட க்ளைமாக்ஸைச் சொல்லலையே? அடுத்த வருஷம் அதே ஹாஸ்டல் டே. அதே நாலு பாக்ஸ். அதே சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கடை ஆம்ப். இந்தத் தடவை ஜோடி ஜோடியா கட்டி, ஒரு பழைய நோட்டு அட்டையில வயரிங் படம் வரைஞ்சு, மீட்டர்ல வந்த அளவையும் எழுதி அவர்கிட்ட காட்டினோம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. 'ஆள் அனுப்பட்டுமா?'ன்னு கேக்கலை பாருங்க, அதுதான் சர்டிஃபிகேட்!

அந்த அட்டையை பாக்ஸ் பின்னாடியே ஒட்டிட்டு வந்தோம், அடுத்து வர்ற ஜூனியர்களுக்காக. நீங்களும் உங்க பாக்ஸ் பின்னாடி ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க. அவங்க ஐ.வி. காசு மிச்சமாகட்டும்!